மூன்றாவது மாதத்தில் ஏன் எல்லாம் கசந்துபோகிறது?

கேள்வி:

மேடம், எனக்கு 24 வயது. வணிகவியல் பட்டதாரி. அந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. மதிப்பெண்ணுக்கு அதுதான் வந்தது, சேர்ந்துவிட்டேன். படித்து முடித்ததும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். தப்பான வேலை இல்லை. ஆனால் ஒருநாள் மதியம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இதையே இன்னும் முப்பது வருஷம் செய்யப்போகிறேனா?' என்று ஒரு பயம் வந்தது. அடுத்த மாதமே ராஜினாமா செய்துவிட்டேன்.

அதன்பிறகு வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். ஆரம்பத்தில் ராத்திரி பகல் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதத்தில் ஆர்வம் போய்விட்டது. பிறகு ஒரு போட்டித் தேர்வுக்குப் படித்தேன். அதுவும் மூன்று மாதத்தோடு நின்றது. கடைசியாகக் கோடிங். மூன்று மாதம் தாண்டவில்லை. எனக்கு எதிலுமே உண்மையான ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். 'இப்ப என்ன பண்றே?' என்று கேட்டுவிடுவார்களோ என்று நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போவதில்லை. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'நான் யார்?' என்று எழுதி, தினமும் ராத்திரி யோசித்து எழுதுகிறேன். அறுபது பக்கம் தாண்டிவிட்டது, பதில் வரவில்லை. சில நாள் காலையில் எழுந்திருக்கவே தோன்றுவதில்லை. அம்மா புலம்புவார், அது பழகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் யார் என்று தெரிந்துவிட்டால் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 24 என்பது தாமதமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 'சில நாள் காலையில் எழுந்திருக்கவே தோன்றுவதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வெறும் அலுப்பாக இருக்கலாம். ஆனால் மனச்சோர்வு நோயும் இப்படித்தான் ஓரமாக வந்து உட்காரும். இரண்டு வாரமாக, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்ததெல்லாம் சப்பென்று ஆகிவிட்டதா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? ஆமாம் என்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டியிருந்தாலும் நாளைக்கு என்று தள்ள வேண்டாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தச் சோர்வு இருக்கும்போது எந்தப் பாதையைப் பார்த்தாலும் முட்டுச்சந்தாகத்தான் தெரியும். காய்ச்சல் நாக்கை வைத்துக்கொண்டு சமையலுக்கு மார்க் போடக் கூடாது.

அப்படியெல்லாம் இல்லை, சில நாள் அலுப்புதான் என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் கவனித்தேன், 'மூன்று மாதம்' என்பது மூன்று இடத்தில் வருகிறது. எடிட்டிங், தேர்வு, கோடிங். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வேலைகள் ஒரே காலக்கெடுவில் கசந்துபோனால், குறை அந்த வேலைகளில் இருக்க வாய்ப்பு குறைவு. உங்களிடமும் இருக்க வேண்டியதில்லை. அந்த மூன்றாவது மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எடிட்டிங்கையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் இரண்டு துண்டுகளை ஒட்டி, பின்னணியில் இசையைப் போட்டாலே 'அட, நான் செய்ததா இது!' என்று இருக்கும். தினம் ஒரு புதுக் கருவி, தினம் ஒரு வித்தை. இரண்டு மாதம் போனதும் ஒரு விபரீதம் நடக்கிறது. உங்கள் கண் தேறிவிடும், கை தேறியிருக்காது. முன்பு நன்றாகத் தெரிந்த அதே வெட்டு இப்போது அரை நொடி பிந்தி விழுவது தெரியும். தெரியும், ஆனால் சரிசெய்ய வராது. தேர்வுப் படிப்பிலும் இதுதான். முதல் சுற்றில் எல்லாம் புதிது. இரண்டாம் சுற்றுக்குத் திரும்பும்போதுதான் படித்ததில் பாதி நினைவில்லை என்பது புரியும். கோடிங்கில், பாடத்தில் சொல்லிக்கொடுத்த நிரல் முடிந்து, சொந்தமாக ஒன்றை வெற்றுத் திரையில் ஆரம்பிக்கிற நாள் அது. உண்மையில் நீங்கள் முன்னேறியதால் வந்த கசப்பு. அதை நீங்கள் 'இது எனக்கானது இல்லை' என்று படித்துவிட்டீர்கள். மூன்று தடவையும்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பால் ஓ'கீஃப், கேரல் ட்வெக், கிரெகரி வால்டன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்டது. 'ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பது, கண்டுபிடித்தால் போதும்' என்று நம்புகிற மாணவர்களும், 'ஆர்வம் என்பது வளர்வது' என்று நம்புகிற மாணவர்களும் இருப்பார்கள் இல்லையா? அவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிய ஒரு சுவையான காணொளியைக் காட்டினார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. அப்புறம் அதே விஷயத்தில் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைக் கையில் கொடுத்தார்கள். ஆர்வம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் அதிகமாகச் சரிந்தது. நியாயம்தானே? உனக்கானது கிடைத்துவிட்டால் எல்லாம் தானாக ஓடும் என்று ஒருவன் நம்பிக்கொண்டிருந்தால், முதல் கஷ்டம் வந்ததுமே 'அப்படியென்றால் இது அது இல்லை' என்று எழுந்துவிடுவான். சோம்பலால் எழுந்திருக்க மாட்டான். நம்பிக்கைதான் அவனை எழுப்பிவிடுகிறது.

உங்கள் கடைசிப் பத்தியிலும் இதே நம்பிக்கைதான் இருக்கிறது. 'நான் யார் என்று தெரிந்துவிட்டால் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்' என்கிறீர்கள். புதையல் எங்கே என்று தெரிந்தால் தோண்டிவிடலாம் என்கிற மாதிரி.

இந்த 'அடையாளச் சிக்கல்' என்ற பேச்சையே உளவியலில் பரப்பியவர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். தன்னைப் பெற்ற அப்பா யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓவியனாகப் போகிறேன் என்று ஐரோப்பாவில் சில வருடம் சுற்றினார். அதுவும் கைகூடவில்லை. 1927இல், ஏறக்குறைய உங்கள் வயதில், வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர வா என்று பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். போனார். அந்தப் பள்ளியோடு தொடர்பிலிருந்த அன்னா ஃபிராய்ட் (உளவியலாளர், சிக்மண்ட் ஃபிராய்டின் மகள்) இவர் குழந்தைகளோடு பழகுவதைப் பார்த்துவிட்டு, உளப்பகுப்பாய்வு, அதாவது பேசவைத்து ஆழ்மனதை ஆராயும் சிகிச்சை முறை, கற்றுக்கொள்ளச் சொன்னார். எரிக்சன் என்ற பெயரையே அவர் 1939இல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோதுதான் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலே பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார்.

இதைச் சொன்னதும் 'பாருங்கள், அலைந்தவர் ஜெயித்தார், நீங்களும் ஜெயிப்பீர்கள்' என்று முடிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கதைகள் எனக்குப் பிடிக்காது. அலைந்து அப்படியே காணாமல் போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. நான் காட்ட நினைத்தது வேறு. குழந்தைகளின் மனதைப் படிப்பதுதான் தன் வழி என்று தெரிந்துகொண்டு அவர் வியன்னாவுக்குப் போகவில்லை. ஒரு வேலை வந்தது, போனார். போன இடத்தில் செய்த காரியம் அவரை வேறொருவராக்கியது. தெரிந்துகொண்ட பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நண்பரின் கடிதத்துக்கு அவர் பதில்கூடப் போட்டிருக்க மாட்டார்.

என் கதையும் இதற்குப் பெரிய விதிவிலக்கில்லை. நான் முதலில் ஒரு ஆய்வகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். உளவியலுக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், 'மனிதர்கள்மேல் எனக்கு இருந்த அக்கறை...' என்று ரொம்ப நாள் ஒரு அழகான பதில் வைத்திருந்தேன். நிஜத்தில் ஆய்வகத்தில் ஒப்பந்தம் முடிந்தது, 27 வயது, கையில் வேறு எதுவும் இல்லை, இந்தப் படிப்புக்கு அப்போது விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கறை எல்லாம் நாலைந்து வருடம் உட்கார்ந்து கேட்ட பிறகு வந்தது. பின்னாலிருந்து திரும்பிப் பார்த்தால் எல்லா வாழ்க்கையும் நேர்க்கோடாகத் தெரியும். நடக்கும்போது யாருக்கும் அப்படித் தெரிவதில்லை.

சரி, உங்கள் நோட்டுக்கு வருகிறேன். அறுபது பக்கம் என்றதும் எனக்குக் கவலைதான் வந்தது.

எரிக்சனுக்குப் பின்னால் வந்த ஜேம்ஸ் மார்சியா, 1966இல் கல்லூரி மாணவர்களைப் பேட்டி கண்டு ஒரு வகைப்பாடு செய்தார். தொழில், நம்பிக்கை, அரசியல் என்று சில விஷயங்களில் அவர் கேட்டதன் சாரம் இரண்டே கேள்விதான். நீ தேடிப் பார்த்தாயா? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டாயா? தேடிப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு வகை. தேடாமலே, வீட்டில் சொன்னதையோ ஊர் சொன்னதையோ பிடித்துக்கொண்டவர்கள் ஒரு வகை. தேடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, காற்றடிக்கிற பக்கம் போகிறவர்கள் ஒரு வகை. இன்னும் பிடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நான்காவது. நீங்கள் மதிப்பெண் வந்த பக்கம் போனபோது மூன்றாவது வகையில் இருந்தீர்கள். அந்த மதியம் வந்த பயம் உங்களை நான்காவதற்குத் தள்ளியது. என் கணக்கில் அது நல்ல நகர்வு. பதற்றம் அதிகமாக இருக்கிற இடமும் அதுதான். தேடிக்கொண்டிருப்பவன் நிம்மதியாக இருப்பான் என்று யாரும் சொல்லவில்லை. இந்தத் தேடும் காலத்துக்கு எரிக்சன் வைத்த பெயர், கடனைத் திருப்பிக் கட்டக் கொடுக்கிற அவகாசத்தைக் குறிக்கும் சொல். கட்ட வேண்டாம் என்று பொருள் இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கட்டலாம் என்று பொருள்.

ஆனால் தேடுவதிலும் இரண்டு விதம் உண்டு. 2008இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் சிலர் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, பல வழிகளைப் பார்ப்பதும், எடுத்த வழிக்குள் ஆழமாகப் போய்ப் பார்ப்பதும். இன்னொன்று, நின்ற இடத்திலேயே நின்று அசைபோடுவது. இந்த அசைபோடல்தான் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 'யோசிக்கிறான்' என்றுதான் தெரியும். உள்ளே இருப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதுகிறோமே, ஏதோ முன்னேறுகிறோம் என்றுதான் தோன்றும். நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிற சோதனை ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் யோசித்து முடித்ததும், நாளைக் காலை பத்து மணிக்குள் செய்ய ஒரு காரியம் அதிலிருந்து கிடைத்ததா? ஒரு போன், ஒரு மெயில், ஒரு பயிற்சி, ஏதாவது. கிடைத்தால் அது தேடல். கிடைக்கவில்லை, நேற்று எழுதியதையே வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறோம் என்றால் அது செக்குமாடு. உங்கள் அறுபது பக்கத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் புரட்டிப் பாருங்கள், எத்தனை பக்கத்திலிருந்து ஒரு காரியம் பிறந்தது என்று.

கூடப் படித்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தது தெரியும் அளவுக்கு, அங்கே அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதற்காக, 'அவனெல்லாம் வீட்டில் சொன்னதைச் செய்கிறவன், நானாவது தேடுகிறேன்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். வீட்டில் சொன்ன தொழிலை எடுத்துக்கொண்டு அதிலேயே நிறைவாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாழ்க்கை போலி, நம்முடையது நிஜம் என்பதெல்லாம் நம் காயத்துக்கு நாமே போட்டுக்கொள்கிற மருந்து.

24 தாமதமா என்று கேட்டீர்கள். இல்லை. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000இல், 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். விடலையும் இல்லை, முழுசாகப் பெரியவரும் இல்லை என்ற உணர்வு அந்தப் பருவத்தின் அடையாளமே என்றார். எனக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. 19 வயதில் குடும்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் கிடைப்பதே இல்லை. உங்களுக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. யாரோ ஒருவர் சம்பாதிப்பதால் கிடைத்திருக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள், அப்பாவின் மௌனம் உறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த மதியம் வந்த பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'இதையே முப்பது வருஷமா?' அந்தக் கேள்வியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம், கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டது. எல்லா வயதிலும் ஒரே பதில்தான். இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி பெரிதாக மாற மாட்டேன். அறுபது வயதுக்காரரும் அதையே சொல்கிறார், இருபது வயதுக்காரரும் அதையே சொல்கிறார். இரண்டு பேருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். முப்பது வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப்போவது இன்றைய நீங்கள் இல்லை. வேலையும் இதே வேலையாக இருக்காது. இப்போது எடுக்கிற முடிவு அடுத்த இரண்டு, மூன்று வருடத்துக்கான முடிவு. அந்த அளவுக்குத்தான் அதற்குக் கனம்.

இனி என்ன செய்வது? நான்காவதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். நான்காவதிலும் முதல் இரண்டு மாதம் தேன் மாதிரி இருக்கும், அதிலிருந்து நீங்கள் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. ஏற்கெனவே தொட்ட மூன்றில் ஒன்றுக்குத் திரும்பப் போங்கள். எது என்று நான் சொல்ல மாட்டேன். 'ராத்திரி பகல் தெரியாமல்' என்று எடிட்டிங்குக்கு மட்டும் எழுதியிருந்ததைக் கவனித்தேன்; ஆனால் முதல் மாத மயக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானே அதை வைத்துச் சொன்னால் நன்றாக இருக்காது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். அந்தத் தொழிலில் எட்டு, பத்து வருடம் இருக்கிற ஒருவரைப் பிடியுங்கள். 'இந்தத் துறை எப்படி?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் மேடைப் பேச்சுப் பேசுவார்கள். 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்? அதில் எது அறுவை?' என்று கேளுங்கள். எடிட்டர் ஒருவர் சொல்வார், நான்கு மணி நேரம் வெறுமனே காட்சிகளைப் பார்த்துப் பார்த்துப் பெயர் போட்டு அடுக்கினேன் என்று. நிரல் எழுதுகிறவர் சொல்வார், யாரோ எழுதியதில் ஒரு பிழையைத் தேடியே நாள் போய்விட்டது என்று. அரசு வேலையில் இருப்பவர் கோப்புகளைப் பற்றிச் சொல்வார். எந்த அறுவையைக் கேட்டபோது உங்களுக்கு 'அது பரவாயில்லை, செய்யலாம்' என்று தோன்றுகிறதோ அதை எடுங்கள். பிடித்த பகுதியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் எல்லாத் தொழிலும் பிடிக்கும்.

எடுத்த பிறகு ஆறு மாதம். ஏன் ஆறு என்றால் உங்கள் மூன்றாவது மாதம் அதற்குள் வந்து போக வேண்டும், போன பிறகும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். முடிகிற தேதியை எழுதிவையுங்கள். அந்தத் தேதிவரை 'இது எனக்கானதா?' என்ற கேள்விக்கு அனுமதி இல்லை. அது வரும், ராத்திரியில் கண்டிப்பாக வரும். 'தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது' என்று அனுப்பிவிடுங்கள். வாரம் ஒரு தடவையாவது உங்கள் வேலை இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு காணொளியை வெட்டித் தருகிறேன் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். உங்களுக்காக மட்டும் செய்தால் கசக்கிற அன்று விட்டுவிடுவீர்கள். ஒருவர் காத்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது முடிப்பீர்கள். அந்த முணுமுணுப்பு நாட்களில்தான் கை தேறும்.

கூடவே பகுதி நேரமாகக் கணக்கு வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். பதினான்கு மாத அனுபவம் இருக்கிறது, 'தப்பான வேலை இல்லை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலை நீங்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் தந்தால் போதும். ஒரு வேலையிடம் சம்பளத்தையும் அர்த்தத்தையும் அடையாளத்தையும் சேர்த்துக் கேட்டதால்தான் அந்த மதியம் அப்படிப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'இப்ப என்ன பண்றே?' என்று கேட்பவருக்கு, 'அரை நாள் கணக்கு வேலை பார்க்கிறேன், மீதி நேரம் எடிட்டிங் கத்துக்கிட்டிருக்கேன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்வதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் விட்டுவிடலாம் என்று தோன்றினால் தாராளமாக விடுங்கள், அது தோல்வி இல்லை. அப்போது விடுவதற்குச் சொல்கிற காரணம் மட்டும் வேறாக இருக்கும். 'போரடிக்கிறது' என்று சொல்ல மாட்டீர்கள். 'தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு ஒத்துவரவில்லை, ஆட்களோடு பேசிச் செய்கிற வேலை வேண்டும்' என்கிற மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்வீர்கள். அறுபது பக்கத்தில் கிடைக்காத பதிலில் ஒரு துண்டு அது.

அப்பாவின் விஷயம் மிச்சம் இருக்கிறது.

'ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.' கடிதம் முழுவதிலும் எனக்கு மனதில் தங்கிய வரி இது. அம்மா புலம்பும்போது உங்களுக்குத் தெரியும், என்ன குற்றச்சாட்டு, அதற்கு என்ன பதில் என்று. அப்பா பேசாதபோது அவர் இடத்தில் நீங்களே பேசிக்கொள்கிறீர்கள். நாம் நமக்காக எழுதுகிற தீர்ப்பைவிடக் கடுமையான தீர்ப்பை வேறு யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளுக்காக என்னிடம் வந்து உட்கார்ந்த அப்பாக்கள் பலர் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: 'ஏதாவது சொன்னா இன்னும் ஒடிஞ்சு போயிடுவானோன்னு பேசாம இருக்கேன்.' உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? கோபமாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

அவரிடம் போய் வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவர் ஏதாவது ஒரு வேலையில் இருக்கும்போது, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் போய் நின்று, 'அப்பா, இந்தத் தேதி வரைக்கும் இதைச் செய்யப் போறேன். அதுவரைக்கும் அரை நாள் வேலைக்கும் போறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அனுமதியாகக் கேட்காமல் தகவலாகச் சொல்லுங்கள். அவர் 'ம்' என்று மட்டும் சொல்லக்கூடும். அந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடி அன்று ராத்திரி நோட்டை எடுக்காதீர்கள்.

நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. அதைக் கிழித்துப்போட வேண்டாம். திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தினமும் மூன்று, நான்கு வரி போதும். இன்று என்ன செய்தேன், எங்கே சிக்கினேன், நாளைக் காலை முதல் வேலை என்ன. எழுதி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். ஆறு மாதம் ஆனதும் எனக்கு எழுதுங்கள். அந்த மூன்றாவது மாதம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.